18 வயதில் சீனியர் மல்யுத்த விரிப்பில் (மேட்டில்) இறக்கலாமா?

மல்யுத்தத்தின் ஜூனியர் பிரிவில் எதிரே வருகிறவர்களையெல்லாம் முதல் சுற்றிலேயே முடித்துவிடுகிற பிள்ளை இருந்தால், அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். பெரியவர்களோடு எப்போது மோத விடுவது? பயிற்சியாளர் ஒன்று சொல்வார், அப்பா இன்னொன்று சொல்வார். பிள்ளைக்கு இருவர் சொல்வதும் காதில் ஏறாது. நாளைக்கே உலகச் சாம்பியனோடு மோதச் சொன்னாலும் சரி என்று நிற்கும்.

முன்னால் இருக்கிற வழிகள் நான்கு. வயதுப் பிரிவிலேயே இன்னும் ஓரிரு ஆண்டு இருப்பது. நேராக சீனியருக்குப் போய்விடுவது. ஒரே ஆண்டில் இரண்டிலும் இறங்குவது. அப்புறம், பயிற்சியைப் பெரியவர்களோடு வைத்துக்கொண்டு போட்டியை மட்டும் வயதுப் பிரிவில் ஆடுவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் இந்தக் கடைசி வழியைத்தான் சொல்வேன். சிலருக்கு அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

பிறந்த ஆண்டு போடும் கோடு

சர்வதேசப் போட்டிகளை நடத்தும் யுனைடெட் வேர்ல்ட் ரெஸ்லிங் அமைப்பு, பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. பிறந்த ஆண்டைத்தான் பார்க்கிறது. அந்த ஆண்டுக்குள் 18 நிறைகிறவர் மருத்துவச் சான்றிதழோடு சீனியரில் இறங்கலாம். 17தான் நிறைகிறது என்றால் எவ்வளவு திறமை இருந்தாலும் சீனியர் கதவு திறக்காது. மருத்துவச் சான்றும் பெற்றோர் சம்மதமும் இருந்தால் ஜூனியர் எனப்படும் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவு வரைக்கும் போகலாம், அவ்வளவுதான். உள்நாட்டுப் போட்டிகளில் அந்தந்த நாட்டின் விதி வேறாக இருக்கலாம் என்பதால், கேள்வி அங்கே இன்னும் சீக்கிரமாகவே எழும்.

இந்தக் கோடு எப்படி விழும் என்பதற்கு இரண்டு பேரைப் பாருங்கள். ஜப்பானின் அகாரி ஃபுஜினாமி பிறந்தது 2003 நவம்பர் 11. அமெரிக்காவின் அமித் எலோர் பிறந்தது 2004 ஜனவரி 1. இடைவெளி 51 நாள். 2021 அக்டோபரில் ஆஸ்லோவில் நடந்த சீனியர் உலகப் போட்டியில் ஃபுஜினாமிக்கு இன்னும் 18 நிறையவில்லை, ஆனால் அந்த ஆண்டுக்குள் 18 ஆகிவிடும் என்பதால் இறங்கினார். ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 53 கிலோ பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார். எலோர் 2003 முடிந்து ஒரே ஒரு நாள் பின்னால் பிறந்ததால் அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான தேர்வில்கூடக் கலந்துகொள்ள முடியவில்லை. வேறு வழியில்லாமல் வயதுப் பிரிவுகளிலேயே ஆடி, அங்கே உலகப் பட்டங்களை வென்றார். மறு ஆண்டு, 2022இல், 20 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர், சீனியர் என்று மூன்று உலகப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் தூக்கினார். 2024 பாரிஸில் இருவருமே ஒலிம்பிக் தங்கம்.

ஆக, ஒரு வருடம் தள்ளிப்போனதால் எலோருக்கு ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இவர் கதையைத்தான்.

நேராகப் போகிறவர்கள்

நேராக சீனியருக்குப் போவதற்கு எல்லோரும் காட்டும் பெயர் அப்துல்ரஷீத் சதுலாயெவ். 2012, 2013 இரண்டு ஆண்டும் கேடட் (17 வயதுக்குட்பட்டோர்) உலகச் சாம்பியன். ஜூனியர் உலகப் போட்டிப் பக்கமே போகாமல் 2014இல் தாஷ்கண்டில் 86 கிலோ சீனியர் உலகப் பட்டம். அப்போது அவருக்கு 18 வயது. 2016இலும் டோக்கியோவிலும் ஒலிம்பிக் தங்கம். இப்படி ஒரு வரலாறு கண்ணெதிரே இருக்கும்போது ஜூனியரில் எதற்கு நேரத்தை வீணாக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் சதுலாயெவை அளவுகோலாக வைத்தால் யாருமே அளவுக்குள் வரமாட்டார்கள். அவரைப் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து.

இதைவிடப் பாடம் நிறைந்தது சோனம் மாலிக்கின் பாதை. 2017இலும் 2019இலும் கேடட் உலகச் சாம்பியன். 2020 ஜனவரியில், 17 வயதில், தேர்வுப் போட்டியில் ரியோ ஒலிம்பிக் பதக்கக்காரர் சாக்‌ஷி மாலிக்கைத் தோற்கடித்தார். அது ஏதோ குருட்டாம்போக்கில் வந்த வெற்றி இல்லை. அதன் பிறகும் சாக்‌ஷியை வென்றார். 62 கிலோவில் டோக்கியோவுக்குப் போனது அவர்தான். அங்கே முதல் சுற்றில் மங்கோலியாவின் பொலோர்துயாவோடு மோதல். எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளி ஒரு புள்ளி, மறுபடியும் அதேபோல் ஒரு புள்ளி; 2-0 என்று முன்னிலை. போட்டி முடிய அரை நிமிடம்போல இருக்கும்போது மங்கோலியர் காலைப் பிடித்து சோனமைக் கீழே வீழ்த்தி, டேக்டவுன் என்கிற இரண்டு புள்ளிப் பிடியை எடுத்தார். 2-2. புள்ளி சமமானால் ஒரே பிடியில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குத்தான் வெற்றி. அவருடையது இரண்டு புள்ளிப் பிடி, சோனமுடையது இரண்டு ஒற்றைப் புள்ளிகள். ஆட்டம் முடிந்தது.

தோல்விக்கு வயதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஒரு மோதல் இரண்டிரண்டு நிமிடச் சுற்றுகளாக மொத்தம் நான்கு நிமிடம். 20 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து மூன்று மூன்றாக ஆறு நிமிடம். ஜூனியரைத் தாண்டிக் குதிக்கிறவருக்கு எதிராளியும் புதிது, கடைசி இரண்டு நிமிடமும் புதிது. அந்த இரண்டு நிமிடத்தில் முன்னிலையைக் காப்பாற்றுவது தனிக் கலை. அதைத் தன் வயதுக்காரர்களோடு கற்றுக்கொள்வது மலிவு. ஒலிம்பிக்கில் கற்றுக்கொள்வது ரொம்ப விலை.

பெரியவர்களின் பலம் எங்கே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கி எறிவதில்தான் தெரியும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது கழுத்துப் பிடியில் தொடங்குகிறது. 27 வயதுக்காரர் தன் உள்ளங்கையைப் பையனின் பிடரியில் வைத்து, முழங்கையை மார்போடு ஒட்டி, தன் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கவிடுவார். நெற்றியைப் பையனின் கன்னப் பொட்டில் அழுத்துவார். புள்ளி எதுவும் இல்லை. பார்ப்பவருக்கு இருவரும் சும்மா நிற்பதுபோல் இருக்கும். பையன் தலையை நிமிர்த்த முயல்வான், நிமிர்த்துவான், மறுபடி கீழே போகும். முதல் ஒன்றரை நிமிடம் அவனுடைய கால் பிடி மின்னல்போல வேலை செய்யும். நான்காவது நிமிடத்தில் அதே பிடிக்குப் போனால் கை காலைத் தொடும், ஆனால் இடுப்பு பின்தங்கிவிடும். அப்புறம் எதிராளி மேலே சாய்ந்து சுற்றிப் பின்னால் போவதற்கு மூன்று வினாடி போதும்.

இந்தக் கழுத்து பலமும் பிடி பலமும் ஆண்களுக்கு 20 வயதைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போகிற விஷயம். பெண்கள் உடல் முதிர்ச்சியை இரண்டு ஆண்டுபோல முன்னதாகவே எட்டிவிடுகிறார்கள். 17 வயதில் ஃபுஜினாமி, 18 வயதில் எலோர், 2017இல் 18 வயதில் யூயி சுசாகி என்று பெண்கள் பக்கம் பெயர்கள் சுலபமாக வந்து விழுவதற்கு அது ஒரு காரணம். ஆண்கள் பக்கம் சதுலாயெவ், 2015இல் 19 வயதில் கைல் ஸ்னைடர், 2018இல் 19 வயதில் தகுடோ ஒட்டோகுரோ என்று யோசித்து யோசித்துத்தான் எண்ண வேண்டும். கிரேக்கோ-ரோமனில் இன்னும் பொறுமை தேவை. இடுப்புக்குக் கீழே தொடவே கூடாத அந்தப் பாணியில் வேகத்தால் தப்பித்துக்கொள்ள இடம் குறைவு. ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மிஜாயின் லோபெஸ்கூட, 2004இல் தன் முதல் ஒலிம்பிக்கில் வெறும் கையோடுதான் திரும்பினார். ஐந்தாவது தங்கத்தை வாங்கியபோது வயது 41.

எனவே நேராகப் போகும் வழி, நடு எடைப் பிரிவுகளில் உள்ள 18 வயதுப் பெண்ணுக்கு நியாயமான தேர்வு. கனமான பிரிவில் இருக்கிற, கிரேக்கோ-ரோமன் ஆடுகிற 18 வயதுப் பையனுக்கு அது பெரும்பாலும் வீண் அடி.

எடை என்கிற மறைமுக எதிராளி

வயதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் எடையை மறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 40 கிலோவிலிருந்தே பிரிவுகள் உண்டு. 43, 46, 49 என்று போகும். சீனியரில் மிகக் குறைந்த பிரிவே 50. 46 கிலோவில் சாம்பியனாக இருக்கிற பெண் நான்கு கிலோ குறைவாக இறங்குவாள் என்று கணக்குப் போட்டால் அதுவும் தப்பு. எதிரே நிற்பவர் பெரும்பாலும் 54, 55 கிலோ இருந்து, எடையை இறக்கி 50இல் நிற்கிறவர். உடம்பின் உண்மையான வித்தியாசம் எட்டு ஒன்பது கிலோ. இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நுணுக்கம் இருந்தாலும் காத்திருப்பதைத் தவிர வேறு யோசனை சொல்ல எனக்கு மனம் வராது.

எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு, ஆனால் அதுவும் சிக்கல்தான். 2018 முதல் ஒரு எடைப் பிரிவின் போட்டி இரண்டு நாள் நடக்கிறது. முதல் நாள் காலையில் எடை. பதக்கப் போட்டிக்கு முன்னேறினால் மறுநாள் காலையிலும் எடை. பெரிய போட்டிகளில் கிராம் கணக்கில்கூடச் சலுகை கிடையாது. பாரிஸில் 21 வயது அமன் செஹ்ராவத், அரையிறுதி முடிந்த இரவில் ஏறக்குறைய 10 மணி நேரத்தில் 4.6 கிலோவை இறக்கி, மறுநாள் வெண்கலம் வென்றார். அதே பாரிஸில் வினேஷ் போகட் 100 கிராம் கூடுதல் என்று இறுதிப் போட்டியையே இழந்தார். வினேஷ் 50 கிலோவுக்கு இறங்க வேண்டி வந்ததற்கு ஒரு காரணம், 53 கிலோவில் இந்தியாவுக்கான ஒலிம்பிக் இடத்தை 19 வயது அந்திம் பங்கால் 2023இலேயே வாங்கிவிட்டதுதான். இளையவர் ஒருவர் சீனியருக்கு வந்தால் மூத்தவரின் திட்டமும் ஆட்டம் காணும்.

வளர்கிற உடம்புக்கு இந்தத் தண்ணீர் வற்றவைக்கும் வேலை கூடவே கூடாது. சீனியருக்குப் போவதற்கே எடையை இறக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே போகாமல் இருக்கலாம்.

இரண்டிலும் ஒரே ஆண்டில்

இது பதக்கக் கணக்கில் மிக அழகாகத் தெரியும் வழி. உடம்புக் கணக்கில் அப்படி இல்லை.

தீபக் புனியா 2019 ஆகஸ்டில் டாலினில் ஜூனியர் உலகச் சாம்பியன் ஆனார். 18 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த ஜூனியர் உலகத் தங்கம் அது. அடுத்த மாதமே நூர்-சுல்தானில் சீனியர் உலகப் போட்டியில் இறங்கி இறுதிவரை போனார். எதிரே ஈரானின் ஹசன் யஸ்தானி. ஆனால் கணுக்கால் காயத்தால் தீபக் மேட்டில் ஏறவே இல்லை, வெள்ளியோடு நிறுத்திக்கொண்டார். இரண்டு போட்டிக்கும் இடையில் மாதக்கணக்கில் ஓய்வு இருந்திருந்தால் கால் தாங்கியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஜூனியர் உலகப் போட்டியும் சீனியர் உலகப் போட்டியும் ஆகஸ்ட், செப்டம்பர் என்று ஒட்டி ஒட்டி வருவது வழக்கமாக நடப்பதுதான். இரண்டுக்கும் உச்ச நிலையில் உடம்பை வைத்திருப்பதென்றால் நடுவில் சிறு காயம் ஆற நேரம் இருக்காது.

மறுபக்கம் அந்திம் பங்காலைப் பாருங்கள். 2022இல் சோஃபியாவில் 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தங்கம். இந்தியப் பெண்ணுக்கு அதுதான் முதல் முறை. 2023இல் ஆசியச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஃபுஜினாமியிடம் தோற்று வெள்ளி, அம்மானில் மறுபடி ஜூனியர் உலகத் தங்கம், பெல்கிரேடில் சீனியர் உலக வெண்கலம், பிறகு ஆசிய விளையாட்டில் இன்னொரு வெண்கலம். பெல்கிரேடில் முதல் மோதலிலேயே முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன் டொமினிக் பாரிஷை வீழ்த்தினார். இந்த வழி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் 2024 பாரிஸில் முதல் சுற்றிலேயே 0-10 தோல்வியும் இதே கதையில்தான் வருகிறது. 2025இல் ஜாக்ரெபில் மறுபடி உலக வெண்கலம் வாங்கி எழுந்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் இறக்குவதென்றால் என் யோசனை இவ்வளவுதான்: ஆண்டின் உச்சம் ஒன்றாக இருக்கட்டும். உலகப் போட்டி ஜூனியரில் என்றால், சீனியரில் வசந்த காலத்து ரேங்கிங் போட்டிகள் ஒன்றிரண்டு போதும். தோற்றாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு போகிற போட்டிகளாக அவை இருக்கட்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சட்டப் பக்கமும் உண்டு. ஊக்கமருந்து விதிகளில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர், பதிவு செய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் இல்லாமலும், திறந்த பிரிவு சர்வதேசப் போட்டி எதிலும் இறங்காமலும் இருந்தால், ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என்ற சலுகை நிலையில் இருப்பார். தப்பு நடந்தால் தண்டனையில் கூடுதல் இரக்கம் கிடைக்கும். 17 வயதும் சில மாதமும் ஆன பிள்ளை ஒருமுறை சீனியர் சர்வதேச மேட்டில் ஏறிவிட்டால் அந்தக் குடை மடங்கிவிடும். இருமல் மருந்துக்குக்கூடச் சீட்டைப் படித்துப் பார்க்கிற பழக்கம் வீட்டில் வந்துவிட்டதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பெரியவர்களோடு, போட்டி வயதுப் பிரிவில்

கைல் ஸ்னைடர் 2013இல் ஜூனியர் உலகச் சாம்பியன். அதன் பிறகு பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள ஒலிம்பிக் பயிற்சி மையத்துக்குக் குடிபெயர்ந்தார். தினமும் தேசிய அணியின் பெரியவர்களோடு மேட்டில். 2014 ஜூனியர் உலகப் போட்டியில் என்ன ஆனது? வெண்கலம். முந்தைய ஆண்டைவிடக் கீழே. 2015 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான இறுதிப் போட்டியில் தோளை மேட்டில் பதிய வைத்துத் தோற்கடித்தார்கள். பதக்கத்தை மட்டும் பார்க்கிற ஒருவர் அன்றைக்கு, பெரியவர்களோடு விட்டதுதான் தப்பு என்று தீர்ப்பே எழுதியிருப்பார். அதே ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸில், 19 வயதில், ரஷ்யாவின் கதிசோவை வென்று ஸ்னைடர் சீனியர் உலகச் சாம்பியன். மறு ஆண்டு ஒலிம்பிக் தங்கம்.

நான் இந்த வழிக்குச் சாய்வது இதனால்தான். பயிற்சிக் கூடத்தில் பெரியவரின் கழுத்துப் பிடியை நூறு தடவை வாங்கலாம். வலித்தால் பயிற்சியாளர் நிறுத்தச் சொல்வார், ஜோடியை மாற்றிவிடுவார். புள்ளிப்பலகை கிடையாது, மறுநாள் காலை எடை பார்க்கிறவர் கிடையாது. போட்டியில் கிடைக்கிற பாடத்தில் பாதியை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி, அதாவது தெரியாத எதிராளி முன்னால் நிற்கிற பதற்றம், போட்டியில்தான் வரும். அதற்கு 18 முடிந்த பிறகு 23 வயதுக்குட்பட்டோர் பிரிவு இருக்கிறது. 2017இல் முதல் உலகப் போட்டி கண்ட அந்தப் பிரிவை ஆறுதல் பரிசுபோல் பார்க்கிறவர்கள் உண்டு, அது தப்பு. அமன் 2022இல் அதில் உலகத் தங்கம் வாங்கிவிட்டுத்தான் அடுத்த ஆண்டு ஆசியச் சாம்பியன் ஆனார்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெரியவர்கள் யார் என்பது. சின்னப் பையனிடம் ஒரு புள்ளி விட்டுவிட்டால் மானம் போய்விட்டதாக நினைத்து அடுத்த பிடியில் முழங்கையைத் திருகுகிறவர்கள் இருக்கிற கூடத்தில் பிள்ளையை விடாதீர்கள். எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத வயது அது. எடையில் பக்கத்தில் இருப்பவர், பொறுமைக்காரர், தன் இடத்துக்கு இவன் போட்டியாக வரப்போகிறான் என்ற பயம் இல்லாதவர்: இப்படி இரண்டு பேர் கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் இந்த வழியே வேண்டாம், வயதுப் பிரிவிலேயே ஆடட்டும்.

வெறுமனே வயதுப் பிரிவிலேயே இருப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. அது கெட்ட வழி இல்லை, சலிப்பான வழி. ஒவ்வொரு போட்டியும் இரண்டு நிமிடத்தில் முடிகிற பிள்ளைக்கு ஒரே பிடியே சோறு போடும். இன்னொன்றைக் கற்க வேண்டிய தேவையே வராது.

எதை வைத்து முடிவெடுப்பது

பதக்கங்களை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளை கடைசியாகத் தோற்ற ஐந்தாறு மோதல்களின் வீடியோவைப் போட்டுப் பாருங்கள், பயிற்சிக் கூடத்தில் பெரியவர்களிடம் தோற்றதையும் சேர்த்து. பிடி தப்பித் தோற்கிறாரா, பலம் போதாமல் தோற்கிறாரா? சரியான நேரத்தில் சரியான பிடிக்குப் போய், அதற்குப் பிறகும் இடுப்பை உயர்த்த முடியாமல் நசுங்கினால் அது பலக் குறை. போட்டி அதைக் குணப்படுத்தாது, காலம்தான் குணப்படுத்தும். பலம் ஈடுகொடுத்து, தெரியாத ஒரு எதிர்ப்பிடியில் மாட்டித் தோற்றால் அது அனுபவக் குறை. சீனியர் மேட்டில் வேகமாகச் சரியாகும். முதல் மூன்று நிமிடம் சமமாக நின்று கடைசி இரண்டு நிமிடத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்றால், ஜூனியரில் இன்னொரு ஆண்டு ஆறு நிமிட மோதல்கள்தான் மருந்து.

தோற்ற மறுநாள் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். கூடத்துக்கு வந்து அந்தப் பிடியைக் காட்டச் சொல்லிக் கேட்கிற பிள்ளையை ஒரு வருடம் முன்னதாகவே அனுப்பலாம். மூன்று நாள் போனை எடுக்காத பிள்ளைக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள்.

எடுத்த முடிவை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். சீனியருக்குப் போய்விட்டு வயதுப் பிரிவுக்குத் திரும்புவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். யூயி சுசாகி 18 வயதில் சீனியர் உலகச் சாம்பியன், டோக்கியோவில் ஒலிம்பிக் சாம்பியன். அதற்கெல்லாம் பிறகு 2022இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் பெயர் கொடுத்து, அதையும் வென்றார்.